டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய காரை விற்பனைக்கு நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உட்புறம் ஒரு அட்டையைச் சாய்த்து வைப்பார்கள். பெஹாலாவில் என் சித்தப்பா நடத்திய பழைய கார் ஷெட்டில் அந்த அட்டைகளை எழுதியவள் நான்தான். அப்போது ஜாதவ்பூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வங்காளம் பேசுவதில் வெளுத்து வாங்குவார். எழுதச் சொன்னால் எழுத்து கோணிக்கொள்ளும். அதனால் சனிக்கிழமைதோறும் கறுப்பு மார்க்கர் பேனாவைக் கொடுத்து என்னை உட்கார வைத்துவிடுவார். அட்டையில் மூன்று வரிகள். முதல் வரியில் வண்டியின் பெயர், அடுத்ததில் வருஷம், மூன்றாவதில் அதை ஓட்டியவர் யார் என்பது. வாங்க வருகிறவர்கள் முதல் இரண்டையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூன்றாவது வரியில் வந்து நிற்பார்கள்.

வண்டியை வைத்து ஆளை எடைபோடுவதும், ஆளை வைத்து வண்டியை எடைபோடுவதும் அந்த ஷெட்டில் நான் கற்ற பாடம். வெள்ளை அம்பாசடர் என்றால் சர்க்கார் ஆபீசர். நீளமான ஜப்பான் கார் என்றால் ஏதோ கம்பெனியில் பெரிய பதவி. ஜீப் மாதிரி உயரமான கறுப்பு வண்டி என்றால் ப்ரமோட்டர், அதாவது பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டி விற்கிறவர். அவர் வண்டியை எவ்வளவு நன்றாகப் பராமரித்திருந்தாலும் ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள். எல்லோருக்கும் வேண்டியது டாக்டர் ஓட்டிய வண்டி. டாக்டர் நிதானமாக ஓட்டுவார், காலையில் ஆஸ்பத்திரிக்கும் மாலையில் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் போகமாட்டார் என்று ஊருக்கே நம்பிக்கை. எங்கள் ஷெட்டில் விற்ற டாக்டர் வண்டிகளுக்கெல்லாம் உண்மையிலேயே ஒரு டாக்டர் இருந்திருந்தால் பெஹாலாவில் யாருக்கும் சளிகூடப் பிடித்திருக்காது.

இப்போது நான் வேலை பார்க்கும் நியூ டவுன் அலுவலகத்திலும் இதே கதைதான், வண்டிகள்தான் வேறு. மூக்கில் நட்சத்திரம் வைத்தது, வளையம் வைத்தது, சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும் மின்சாரக் கார் என்று அடித்தளப் பார்க்கிங் நிறைய நிற்கின்றன. மதுரையிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் ஒரு சக ஊழியர், "அந்த வளையம் வச்ச வண்டிக்காரன் வந்தாலே ஒதுங்கிடணும் மேடம், இண்டிகேட்டரே போட மாட்டான்" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள எனக்கு வாய் வருவதில்லை. ஒரு அட்டையின் மூன்றாவது வரி குறுக்கே வந்து நிற்கிறது.

பள்ளிக்கூடம் போன எட்டு வருஷமும் நான் பூல் காரில்தான் போனேன். ஏழெட்டுப் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போகும் வாடகை வண்டியை இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். எங்களுடையது முதலாளி ஒருவருக்குச் சொந்தமான கிழட்டு அம்பாசடர். ஓட்டியவரை நாங்கள் காகு என்போம். வங்காளத்தில் சித்தப்பா என்று அர்த்தம். ஆகவே எனக்கு இரண்டு சித்தப்பாக்கள். ஒரு மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டது. காகு எங்களை சீட்டின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து போய், எங்கே பள்ளம் எங்கே மேடு என்று காலாலேயே தடவிப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் பெரிய பெரிய வண்டிகள் மூச்சு நின்று கிடந்தன. எங்கள் அம்பாசடர் அவற்றுக்கு நடுவே ஒரே சீராக முனகிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அன்று பள்ளிக்கு வந்தவர்கள் நாங்கள் எட்டுப் பேரும் ஒரு டீச்சரும்தான். விடுமுறை விட்டிருந்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. காகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் அவர் தனக்கென்று ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார் வாங்கினார். அதில் பள்ளிப் பிள்ளைகள் யாரும் ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்துக் கங்கைக் கரைக்குக் கூட்டிப்போவார். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். சில மாதம் கழித்து, நாங்கள் காகிமா என்று கூப்பிடும் அவர் மனைவி, தன் அண்ணன் மகனை ஓட்டச் சொல்லி அந்தக் காரை எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். கிருஷ்ணநகரில் தங்கையோடு போய் இருக்கப்போவதாகவும் அங்கே அதை ஓட்ட ஆள் இல்லை என்றும் சொன்னார். என்னைப் பார்த்ததும் என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். அவர் போனதும் நான் அட்டையை எடுத்தேன்.

"மூணாவது வரி என்ன சித்தப்பா?"

"வேற என்ன, டாக்டர்னு போடும்மா. பூல் கார் டிரைவர்னு போட்டா யாராவது சீண்டுவாங்களா? பசங்களை அடைச்சு ஓட்டின வண்டின்னு நினைச்சுப்பாங்க."

அவர் சொன்னதில் வியாபார நியாயம் இருந்தது. காகிமாவுக்கும் அதுதான் நல்லது என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் உண்மை அது மட்டுமில்லை. டிரைவர் என்ற சொல் அந்த வரியில் எடுப்பாக இல்லை என்று எனக்கே பட்டது. எட்டு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனவளுக்கு அப்படிப் பட்டது. டாக்டர் என்று முத்து முத்தாக எழுதி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, வீட்டில் மறந்துவிட்டு வந்த இன்னொரு சாவியைக் கொடுக்கக் காகிமா வந்தார். வண்டி முன்னால் நின்று அட்டையை வாசித்தார். அவருக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். வாசித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

"இது எங்க வண்டிதானே மா?" என்றார்.

"ஆமா காகிமா."

"டாக்டர் ஓட்டினதுன்னு இருக்கே. அப்போ உன் காகு எந்த வண்டியை ஓட்டினார்?"

சித்தப்பா அவசரமாக வந்து, வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், சீக்கிரம் விலைபோகட்டும் என்றுதான் செய்தோம் என்றார். காகிமா அவரிடம் கோபப்படவில்லை. "உங்களுக்கு அவரைத் தெரியாது. உங்களை நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுப் பக்கத்துலேயே ரெண்டு ஷெட் இருக்கு மா. இவ்வளவு தூரம் இங்க எதுக்குக் கொண்டுவந்தேன்? யாராவது வந்து யார் ஓட்டினதுன்னு கேட்டா, நீ இருக்கே, நீ சொல்லுவேன்னுதான்."

எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அட்டையை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் கண்முன்னாலேயே வேறொன்று எழுதினேன். பள்ளிப் பூல் கார் டிரைவர், சொந்தமாக வைத்து ஓட்டியது. காகிமா அதையும் மெதுவாக வாசித்துத் தலையசைத்துவிட்டு பஸ் ஏறப் போனார்.

அடுத்த வாரமே ஓர் இளம் தம்பதி வந்தார்கள். நான் விட்டேனா? காகுவின் பொறுமை, மழைத் தண்ணீர், இந்தக் காரில் ஒரு பிள்ளைகூட ஏறியதில்லை என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கணவனிடம், "இருந்தாலும் டிரைவர் கை பட்ட வண்டி" என்றாள். பக்கத்தில் நின்ற டாக்டர் வண்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் டாக்டர், கல்யாண வீடுகளுக்கு அண்டா குண்டாவை அதில் ஏற்றிப்போன ஒரு சமையல் காண்டிராக்டர். அந்த அட்டையும் என் கைவண்ணம்தான்.

அதன்பின் வந்தவர்களும் அப்படித்தான் நகர்ந்தார்கள். துர்கா பூஜை வந்து போயிற்று. சாம்பல் நிறக் கார் இருந்த இடத்திலேயே இருந்தது. சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே தினமும் அதை ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பார். நான் கிருஷ்ணநகருக்கு போன் செய்து இன்னும் யாரும் எடுக்கவில்லை என்பேன். "நிக்கட்டும் மா" என்பார் காகிமா. பழைய மாதிரி எழுதிவிடட்டுமா என்று கேட்க ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வரும். கேட்டுவிடாமல் இருந்தது ஒன்றுதான் அந்த நாட்களில் நான் உருப்படியாகச் செய்த காரியம்.

குளிர் ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை, வெள்ளைச் சீருடைச் சட்டையோடு ஒருவர் வந்தார். ஏதோ கம்பெனி அதிகாரிக்குக் கார் ஓட்டுகிறவர், தன் குடும்பத்துக்கென்று ஒரு வண்டி தேடுகிறார். வரிசையாக எல்லா அட்டைகளையும் பார்த்துக்கொண்டே வந்தவர் இந்தக் கார் முன்னால் நின்றுவிட்டார்.

"பூல் கார் ஓட்டினவரா? எத்தனை வருஷம்?"

"எனக்குத் தெரிஞ்சு எட்டு வருஷம். நானே அதுல போயிருக்கேன். அதுக்கு முன்னாடியும் ஓட்டினார்."

சித்தப்பா எஞ்சினைக் காட்டுவதற்காக பானெட்டைத் தூக்கப் போனார். வந்தவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"திறக்க வேண்டாம் அண்ணா. பின்னாடி எட்டுக் குழந்தைங்களை வச்சுக்கிட்டு ஓட்டின கால். அது எந்த வண்டியையும் அடிச்சு ஓட்டியிருக்காது."

அன்றே எடுத்துக்கொண்டு போனார். உடனே கிருஷ்ணநகருக்கு போன் செய்தேன். வண்டி போய்விட்டது என்றதும் காகிமா யார் வாங்கியது என்றுகூடக் கேட்கவில்லை. வாங்கினவர் அட்டையைப் படித்தாரா என்றுதான் கேட்டார். படித்தார் என்றேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அந்த ஆள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு மா."

சொன்னேன்.

"அவசரப்படாதே," என்றார். "மெதுவா சொல்லு."