நண்டுக் கொம்பனிச் சங்கத் தலைவி

கத்தி நுனியால் ஒரே நெம்பில் நண்டின் மேலோட்டைக் கழற்றி, சதையை இழை குலையாமல் எடுத்துத் தட்டில் வைக்கிறார் கிறேசம்மா. கண் தட்டில் இல்லை, சுவர் மணிக்கூட்டில். தேநீர் நேரம் வந்துவிட்டால் பாதி உடைத்த நண்டையும் அப்படியே வைத்துவிடுவார். "பத்து மணி எண்டால் பத்து மணி. நண்டு ஓடாது, அவிச்சாச்சு."

போர் ஓய்ந்து, சமாதானம் பேசிப் பாதை திறந்த பிறகு ஊர்காவற்றுறைக் கரைக்கு வந்த நண்டுக் கொம்பனி அது. உடைத்த சதை ஐஸ் பெட்டிகளில் கொழும்புக்குப் போகிறது. உடைப்பவர்கள் முப்பத்திரண்டு பெண்கள். எல்லோருக்கும் 'சேர்' ஆன மனேச்சர் மார்க்கண்டு, கிறேசம்மாவுக்கு மட்டும் 'தம்பி'.

முதலில் சங்கம் இருக்கவில்லை. கடற்படை விடுகிற நேரத்துக்குத்தான் வள்ளங்கள் போய்வரும். அவை பிந்தினால் பெண்கள் கொட்டிலில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த மணித்தியாலங்களுக்குச் சம்பளமில்லை. "நாங்கள் சும்மா நிக்கேல்லைத் தம்பி, உங்களுக்காகத்தான் நிண்டனாங்கள்" என்று கிறேசம்மா ஒருநாள் கத்தியைக் கீழே வைத்தார். அன்றே சங்கம் பிறந்தது, அவரே தலைவி. மூன்று நாள் ஒருவரும் கத்தி தொடவில்லை.

உடைக்க ஆளில்லாமல் கொம்பனி எப்படி நண்டு வாங்கும்? கணவர் வின்சன்றின் நண்டும் கரையிலேயே பழுதானது. "உன்ர சங்கத்தாலை என்ர நண்டெல்லாம் நாறுது" என்று அவர் சத்தம் போட்டார். "நாறட்டும். நாளைக்கும் நாறினால்தான் கொம்பனிக்கு மணக்கும்" என்றார் இவர்.

நாலாம் நாள் மார்க்கண்டு இறங்கி வந்தார். காத்திருப்புக்கும் சம்பளம், விசாரிக்காமல் ஒருவரையும் வேலையால் நிற்பாட்டுவதில்லை என்று எழுதிக் கையெழுத்தானது. ஆனால் அந்தச் செலவைக் காட்டி, புதிதாக எடுக்கவிருந்த ஆறு பெண்களைக் கொம்பனி எடுக்கவில்லை. அவர்களில் ஒருத்தியின் தாய் இப்போது கோயிலில் கிறேசம்மாவின் பக்கத்தில் இருப்பதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் இவருடைய குரல் இறங்கும். "அவையளை நாங்கள் யோசிக்கேல்லை. அது எங்கட பிழைதான்."

மார்க்கண்டுவும் ஒன்றை ஒப்புக்கொள்வார். "முந்தி மாதத்துக்கு நாலு பேர் விட்டிட்டுப் போவினம். இப்ப ஒருத்தரும் போறேல்லை. கை பழகின ஆக்கள் நிண்டால் சதையிலை ஓடு கலக்கிறது குறைவு."

குறைவுதான், இல்லாமற் போகவில்லை. போன கிழமை இராசமணி உடைத்த சதையில் ஓட்டுத் துண்டுகள் இருந்ததால் ஒரு லொறிச் சரக்கே திரும்பி வந்தது. மார்க்கண்டு அன்றே அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். தேநீர் நேரத்தில் பெண்கள் கூடினார்கள். இராசமணி வாசலோடு குந்தியிருந்தாள்.

முதலில் வாயைத் திறந்தது கிறேசம்மா. "உவள் ஊர்க்கதை கதைச்சுக் கதைச்சு உடைக்கிறவள். எத்தினை தரம் சொன்னனான். சங்கம் எண்டது கவலையீனத்துக்குப் பிடிக்கிற குடை இல்லை."

இராசமணி தலை குனிந்தாள்.

"அக்காவே சொல்லிப்போட்டா. பிறகென்ன" என்றார் கதவடியில் நின்ற மார்க்கண்டு.

கிறேசம்மா திரும்பினார். "தம்பி, விசாரிச்சுத்தான் நிப்பாட்டுறது எண்டு எழுதித் தந்தனீங்கள். அவளை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"இன்னொருக்காச் சரக்குத் திரும்பினால் கொழும்பிலை இருக்கிறவை இந்தக் கொட்டிலையே மூடிப்போடுவினம் அக்கா."

அது வெருட்டல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சங்கச் செயலாளர் மீனாம்பிகை மெல்லக் கேட்டாள். "விசாரணை வைக்குமட்டும் வேலை செய்யிறேல்லை எண்டவை கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் உயரவில்லை. கிறேசம்மா இராசமணியைப் பார்க்கவில்லை, மார்க்கண்டுவையே பார்த்தபடி கையைத் தூக்கினார். நண்டுத் தண்ணீர் முழங்கை வரை வழிந்து சீமெந்துத் தரையில் சொட்டியது. அவர் கையை இறக்கவில்லை.