பிரிட்டோவின் கை கற்றுக்கொண்ட பாடம்

பொழிச்சலூரில் கோழிக்கடை வைத்திருந்த பிரிட்டோ, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் ஒரு பொட்டலத்தைத் தனியாகக் கட்டி ஓரமாக வைத்திருப்பான். தெரு பெருக்கும் அங்காளம்மாள் வந்ததும், "இந்தாம்மா, உன் நாய்க்கு எடுத்து வெச்சது" என்று உரக்கச் சொல்லிக் கொடுப்பான். உள்ளே நல்ல தொடைக்கறி இருக்கும். அங்காளம்மாள் நாய் வளர்த்ததேயில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் அவள் கூனிக்குறுகக் கூடாது என்று அவன் செய்த ஏற்பாடு அது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே அது தெரிய இரண்டு வருஷமானது.

அந்தக் கடை வாசலில்தான் கொலை விழுந்தது.

தண்ணீர் கேன் போடும் மோகன்ராஜ் தன் வண்டியைக் கடையை மறைத்து நிறுத்தினான்.

"வண்டிய எட்றா, ஆளுங்க நிக்க எடமில்ல" என்றான் பிரிட்டோ.

"ரோடு இன்னா உங்கப்பன் போட்டதா?"

பேச்சு அவ்வளவுதான். மோகன்ராஜின் இரும்பு ராடு பிரிட்டோவின் கழுத்தில் இறங்கியது. தடுக்க ஓடிவந்த தம்பி ஜோஷ்வாவை, மோகன்ராஜ் கறிக்கட்டையில் கிடந்த கத்தியை எடுத்தே வயிற்றில் குத்தினான். உருவி மறுபடியும் குத்தினான். ஜோஷ்வா தராசு மேஜையைப் பிடித்தபடி சரிந்தான். கோழி ரத்தம் எது, பிள்ளை ரத்தம் எது என்று தெரியவில்லை. ஆண்டவரே, அதைப் பார்த்த கண் இது. மோகன்ராஜைப் போலீஸ் அன்றே பிடித்தது.

பிரிட்டோ மூன்று நாள் கண் திறக்கவில்லை. திறந்ததும் கேட்டது, "ஜோஷ்வா எங்க?" நாங்கள் அழாமல் சமாளித்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடியும், "ஜோஷ்வா எங்க?" நடந்த சண்டையே அவன் தலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரோஹிணி பொறுமையாகச் சொன்னார். "கழுத்துல பட்ட அடியில ரத்தம் உறைஞ்சு மேல போய் அடைச்சிடுச்சும்மா. மூளைக்கு நடுவுல தலாமஸ்னு ரெண்டு இருக்கு, சின்ன முட்டை மாதிரி. சிலருக்கு ரெண்டுக்கும் ஒரே குழாய்தான் ரத்தம் கொடுக்கும். இவருக்கு அது அடைச்சிருக்கு. தாம்பரம் ஸ்டேஷன நெனச்சுக்குங்க, எந்த வண்டியும் அங்க வந்து லைன் மாறித்தானே போகுது? இன்னிக்கு நடந்தது ஞாபகமா மாறப் போற லைனும், கோபத்த அடக்குற லைனும் அது வழியாத்தான். அங்கதான் அடி."

அவன் மனைவி மெட்டில்டாவுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "வூட்ல வெச்சிக்கலாமா மேடம்?"

"வெச்சுக்கலாம். ஆனா யாரையாவது காயப்படுத்திட்டார்னா அப்புறம் பராமரிப்பு இல்லத்துலதான் விடணும்."

"விடமாட்டேன் மேடம்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் கேட்கும்போதெல்லாம், "ஜோஷ்வா வேலைக்குப் போயிருக்கான்" என்று மெட்டில்டா சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் சரி என்று இருந்தான். கெடுத்தது நான். செத்தவன் பேரில் பொய் சொல்வது பாவம் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சர்ச்சில் படித்த ஞானோபதேசம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் எனக்கு வந்தது. அவனுக்கும் அப்படி வந்துவிடும் என்று நம்பினேன். தினமும் காலை அவர்கள் வீட்டுக்குப் போய், ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் நானே மூன்று வரி சொல்வேன். ஜோஷ்வா இறந்துவிட்டான். மோகன்ராஜ் குத்தினான். நாம் அடக்கம் செய்துவிட்டோம்.

ஒவ்வொரு காலையும் அவன் அதை முதல் தடவையாகக் கேட்டான். நெற்றி கிழியச் சுவரில் மோதினான். டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்தான். மறித்த மெட்டில்டாவின் உதடு கிழிய அறைந்தான்; அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. "அவன அறுத்துட்டுத்தான் வருவேன்" என்று கத்தியைத் தேடி வீட்டையே கவிழ்த்தான். கடையை இப்போது மெட்டில்டா நடத்துவதால் கத்தி இல்லாமல் முடியாது. அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். அதையும் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தான். மாடியில் குடியிருந்த சிவகுமாரும் இன்னும் இரண்டு பேரும் அவனைக் குப்புறத் தள்ளி மேலே உட்காருவார்கள். கால் மணி நேரத்தில் அவனுக்கு எல்லாம் மறந்துபோகும்.

"டேய் சிவா, இன்னாத்துக்குடா எம்மேல குந்திகினு கீற? எருமை கணக்கா கனக்குற!"

சிவகுமார் சிரித்துவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுவான்.

கத்தி திரும்ப அரிசிக்குள்ளேயே போகும். இடத்தை மாற்றவில்லை. எதுவும் நினைவில் நிற்காதவனுக்கு அந்த டிரம் மட்டும் நிற்குமா என்று இருந்துவிட்டோம்.

தவக்காலம் முடியப்போகும் வாரம். ஜெபம் முடித்து நான் ஆமென் சொன்னேன். மூன்று வரியில் ஒன்றைக்கூட ஆரம்பிக்கவில்லை. பிரிட்டோ எழுந்தான். எதையும் தேடவில்லை, கவிழ்க்கவில்லை. நேரே டிரம்முக்குப் போய் முழங்கை வரை கையை விட்டு எடுத்தான். கத்தியைப் பார்த்து அவனே திகைத்தான்.

"இத இன்னாத்துக்கு எடுத்தேன்?"

"கீழ போடுப்பா" என்று கையை நீட்டினேன். திகைப்பு சட்டென்று கோபமாக மாறியது. எதிரில் நின்றது நான். முதல் வெட்டு முன்கையில் எலும்பு வரை போனது. இரண்டாவது தோளுக்கு வந்தபோது மெட்டில்டா குறுக்கே விழுந்தாள். அவளுடைய இரண்டு விரல்கள் தொங்கின. சிவகுமார் ஓடிவந்து முக்காலியால் அவன் மண்டையில் அடித்தான். ஒரு அடி போதாமல் மூன்று அடி. அரிசியெல்லாம் சிவப்பாகக் கிடந்தது.

தையல் போட்ட அன்று டாக்டர் ரோஹிணி கேட்டார், "தினம் சொன்னீங்களா? வார்த்தை நிக்கலம்மா. ஆனா கை பழகிக்கறதுக்கு வேற லைன் இருக்கு, அது நல்லாத்தான் இருக்கு. ஆமென்னா கத்திய எடுக்கணும்னு அது கத்துக்கிச்சு."

மெட்டில்டா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ வேணும்னேவா செஞ்ச அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பொத்தேரியைத் தாண்டி ஒரு இல்லத்தில் பிரிட்டோவுக்கு இடம் கிடைத்தது. அங்கே அவனை ஐப்பசி மாதக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது இல்லத்தில் சேர்த்த அன்றுதான். வாசலில் மெட்டில்டா கட்டுப்போட்ட கையால் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஜோஷ்வா எங்கே என்று கேட்டான். வேலைக்குப் போயிருக்கிறான் என்று நானே சொன்னேன். தலையாட்டினான். கிளம்பத் திரும்பினோம். எங்கள் இருவர் கையிலும் இருந்த கட்டுகளை அப்போதுதான் பார்த்தான்போல. முகம் கறுத்துவிட்டது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"அக்கா, எவன் உங்க ரெண்டு பேரையும் வெட்னான்? பேர மட்டும் சொல்லு. நான் இருக்கசொல்ல ஒருத்தன் உங்க மேல கைய வெச்சிடுவானா?"