ஓடிப்போன பிரேக்கம்மா

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பணிமனையில் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். பையைத் தூக்கிக்கொண்டு யாராவது பின்னால் ஓடி வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தால் போதும், கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். "நீ பஸ் ஓட்டுறியா, இல்ல ஊருக்கே காவல் நிக்கிறியா?" என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள்.

இப்படி ஊரே தன் பின்னால் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே வருஷக்கணக்கில் பெருத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாட்களில் ஓட்டப் பந்தயத்தில் தன்னை முந்த ஆளே கிடையாது என்று ஒருமுறை மகளிடம் பெருமையடித்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பஸ்லயா?" என்று கேட்டாள்.

ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் ஒரு பெரியவர் குடையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். குடையை எடுத்துக்கொண்டு இவள் பின்னால் ஓடினாள். அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும்தான் ஓட முடிந்தது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு புஸ்புஸ்ஸென்று நின்றவளைப் பார்த்துப் பெரியவரே பதறிப்போய்த் திரும்பி வந்தார். தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்று புத்தி சொன்னார். அந்தப் பதற்றத்தில் குடையை மறுபடியும் மறந்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் அந்தப் பேருந்தில் ஏறவே இல்லை.

இனி உடற்பயிற்சிதான் என்று அன்று முடிவு செய்தாள். இதற்கு முன்பும் செய்திருக்கிறாள். பாய் விரித்துப் படுத்து வயிற்றுக்குப் பயிற்சி செய்யலாம் என்றால், சின்னவன் ஏறி உட்கார்ந்து "பஸ் போலாம், ரைட்!" என்பான். அவன் இறங்கும்வரை கண்ணை மூடியிருப்போம் என்று மூடினால் முடிந்தது கதை, நல்ல தூக்கம். கயிறு தாண்டலாம் என்றால், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். ஒவ்வொன்றையும் 'கொஞ்ச நாளைக்கு' நிறுத்தி வைத்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கயிறு இன்னும் அந்தக் கொஞ்ச நாளில்தான் இருந்தது. அதன் பக்கத்திலேயே பெரியவரின் குடையையும் மாட்டினாள்.

இந்த முறை வெளியே ஓடுவது என்று திட்டம். பிள்ளைகளைக் கிளப்புவதற்கு முன் காலையில் அரைமணி நேரம். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன், நல்ல மனுஷன். ஓடுவதற்கென்று ஷூவே வாங்கிக் கொடுத்தான். "அந்த அரைமணி நேரம் வீட்டை நான் பார்த்துக்கறேன். ஆனா வீடு களேபரமாச்சுன்னா ஓட்டம் கட், சரியா?" என்றும் சொல்லிவைத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூட்டு வலி. அதனால் அவருடைய நாய் ராஜாவும் துணைக்கு வந்தது.

அந்த அரைமணி நேரம் அவளுக்குச் சர்க்கரையாக இனித்தது. யாரும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. யாரும் மணியடித்து நிறுத்தச் சொல்வதில்லை.

அது நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் வீட்டில் போன் அடித்தது. கூப்பிட்டது கணவனின் அக்கா. பிள்ளைகளுக்கு அத்தை, இவளுக்கு அண்ணி. வேறு ஊரில் இருந்துகொண்டே குடும்பம் முழுவதையும் போனில் மேய்ப்பவள். மகள்தான் எடுத்தாள். பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று இரண்டையும் போட்டுக் கலக்கியடிப்பவள்.

"கண்ணு, அம்மாகிட்ட குடு."

"அம்மா ஓடிப் போயிட்டாங்க அத்தை."

"என்னது! எப்படி?"

"நாங்க தூங்கும்போது."

"யாரோடடி?"

"ராஜாவோட."

"யாரு அந்த ராஜா?"

"பக்கத்து வீடு. அம்மாவைப் பார்த்தாலே துள்ளுவான். அப்பாவைப் பார்த்தா முறைப்பான்."

"ஐயையோ! உங்கப்பாவுக்கு இது தெரியுமா?"

"அப்பாதான் ஷூ வாங்கிக் குடுத்தார்."

"அவன் எங்க இப்ப?"

"பாத்ரூம்ல. கதவைச் சாத்திக்கிட்டார். கூப்பிட்டாலும் பேச மாட்டேங்கிறார்."

"அழாதடி தங்கம், அத்தை நான் இருக்கேன்."

"நான் அழலையே. அம்மா தினமும் இப்படித்தான். ஓடிப் போவாங்க, ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்குள்ள வந்துருவாங்க."

"தினமுமா!"

ஒரு விஷயத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டால் அத்தைக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். எனவே வைத்துக்கொள்ளவில்லை. கணவன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது சித்தப்பா போனில் காத்திருந்தார். முந்தின நாள்தான் வீட்டில் வாஷிங் மெஷின் உயிரை விட்டிருந்தது.

"கேள்விப்பட்டேன்டா. மனசைத் தளர விடாதே."

அதற்குள் சித்தப்பா வரைக்கும் போய்விட்டதா என்று அவனுக்கு ஆச்சரியம். "இதுல என்ன சித்தப்பா இருக்கு? கொஞ்ச நாளாவே ஒரே சத்தம். போயிடும்னு தெரிஞ்சதுதான்."

"தெரியுமா?"

"பழசாயிடுச்சில்ல. கல்யாணத்தப்ப வந்தது."

"டேய்..."

"புதுசு ஒண்ணு பார்த்து வச்சுட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு வருது. இதைவிட ஒல்லி, சத்தமே கிடையாது."

"பொண்டாட்டி ஓடிப் போன அன்னைக்கேவாடா!" என்று அலறிவிட்டுச் சித்தப்பா போனை வைத்தார்.

இவள் வீட்டுக்குள் வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. பூங்காவை முதல் தடவையாக நிற்காமல் சுற்றி வந்திருந்தாள். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கணவன், "வந்துட்டியா? நீ இனிமே வரவே மாட்டேன்னு எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க" என்றான். விசாரணை நடந்தது. குற்றவாளி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"'ஓடிப் போயிட்டாங்க' இல்லடி, 'ஓடப் போயிருக்காங்க'ன்னு சொல்லணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் நீங்க வீட்ல இல்ல."

போன் மறுபடி அடித்தது. மறுபடி அடித்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சின்னவன் பால் போச்சே என்று ஊரைக் கூட்டினான். கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பேசாம, கொஞ்ச நாளைக்கு இந்த ஓட்டத்தை..."

அவள் கண் கதவுக்குப் பின்னால் தொங்கிய கயிற்றுக்குப் போனது. முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. அடுத்து வந்த போனை அவளே எடுத்தாள்.

"அண்ணி, நான் வீட்லதான் இருக்கேன். ராஜா நாய், அண்ணி."

"நாயா?"

"நாய்தான். வேணும்னா போய்க் குரைக்க வைக்கிறேன்."

அத்தை நிம்மதியடைவாள் என்று பார்த்தால், குரல் உடைந்துவிட்டது. "அடிப்பாவி! நான் ஒருத்தர் விடாம சொல்லிட்டேனே!"

"அதான் அண்ணி, ஓட்டத்தையே நிறுத்திடலாம்னு அவர்..."

"நிறுத்துறதா? அவனுக்கு மூளை இருக்கா? இப்ப நான் எல்லாருக்கும் போன் போட்டு, 'அவ உடம்புக்காக தினமும் ஓடுறவ'ன்னு சொல்லியாகணும். நாளைக்கே நீ நின்னுட்டா என்ன பேசுவாங்க? 'பார்த்தியா, விஷயம் வெளிய வந்ததும் அடங்கிட்டா'ம்பாங்க. குடும்ப மானமே இப்ப உன் கால்லதான் இருக்கு. ஒரு நாள் தவறக் கூடாது, சொல்லிட்டேன்!"

சிரிப்பை அடக்கமுடியாமல் போனைக் கணவனிடம் நீட்டினாள். "உங்க அக்கா. ஏதோ மானமாம்."

அவன் காதில் வைத்துக்கொண்டு, "சரிக்கா... சரிக்கா..." என்றான். கடைசியில் பரிதாபமாக, "ஞாயித்துக்கிழமையுமா?" என்று கேட்டான்.

அதிலிருந்து அந்த அரைமணி நேரத்தைத் தொட யாருக்கும் தைரியமில்லை, அவளுக்கே இல்லை. ஒரு மழைக்காலையில் இன்றைக்கு வேண்டாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். போன் அடித்தது.

"அம்மா இன்னும் ஓடிப் போகலை அத்தை. போர்வைக்குள்ள இருக்காங்க."

"இன்னுமா ஓடிப் போகலை? மழையில கரைஞ்சா போயிடுவா? கையில ஒரு குடையைக் குடுத்துத் துரத்து!"

கதவுக்குப் பின்னாலிருந்த குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ராஜா முன்னால் ஓடியது. கடைத்தெரு முனையைத் தாண்டும்போது பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். "ஏம்மா! என் குடை!"

அவள் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கைத் தேடியது. நின்று திரும்பினாள். நனைந்து வந்த பெரியவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். இவளுக்கு வாங்கவில்லை. குடையை அவர் கையில் கொடுத்தாள்.

"உடம்பைப் பார்த்துக்கங்க ஐயா. தினமும் காலையில ஓடிப் போங்க. நான் அப்படித்தான், வீட்ல எல்லாரும் சேர்ந்து அனுப்பி வைக்கிறாங்க."

சொல்லிவிட்டு மழையில் ராஜாவோடு ஓடிப் போனாள். பெரியவர் குடையை விரிக்கவும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.