சந்தனக் கன்றும் ஒரு பிடி கீரையும்

ரெண்டு மாதம் முன்பு நான் ஒரு கீரைப் பொரியல் செய்தேன். அதற்காக என் மனைவி மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை... அவ்வளவு மோசமாகவா சமைத்தீர்கள் என்கிறீர்களா? அட, பொரியல் பிரமாதம்! அவளே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

விஷயம் வேறு.

என் மனைவி சரோஜாவின் ஊரான கௌதள்ளியிலிருந்து என் மச்சினன் ஒரு சந்தனக் கன்று கொண்டுவந்திருந்தான். மாமனார் வைத்து வளர்த்த மரத்தின் விதை. அவர் காலமான மறு வருஷமே அந்த மரத்தைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் கிடந்த விதைகளை ஊன்றியதில் முளைத்தது இது ஒன்றுதான். சரோஜா அதை எங்கள் மைசூர் வீட்டு வாசலில் நாற்றுப் பையோடு வைத்து, தினமும் காலையில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் காபி போடுவாள். 'அப்பா மரம்' என்பாள்.

கன்றைச் சுற்றிப் பொன்னாங்கண்ணி தளதளவென்று மண்டிக் கிடந்தது. ஐயோ பாவம், கன்றின் சத்தையெல்லாம் இந்தக் களை உறிஞ்சுகிறதே! வேரோடு பிடுங்கினேன். பிடுங்கியதை வீணாக்குவானேன்? தேங்காய்ப்பூ போட்டுப் பொரியலாக இறக்கினேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

ஒரே வாரத்தில் கன்று தலை தொங்கிவிட்டது. இலையெல்லாம் மஞ்சள். சரோஜா தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏனுங்க மாமா, அந்தக் கீரையப் புடுங்கிப் போட்டீங்களா?"

"களைன்னு நெனச்சுட்டேன்பா..."

"களையா! அதோட வேர்ல தன் வேர விட்டுத்தானுங்க சந்தனம் சோறு திங்குது. வேணும்னுதான் நட்டு வெச்சேன். தொணை இல்லாம அது பொழைக்காதுங்க."

போனை வைத்தவள் என்னைப் பார்த்தாள். "எங்கப்பா மரத்தப் பொரியல் பண்ணித் தின்னுட்டமேங்க..." என்று அழுதாள்.

மார்க்கெட்டுக்கு ஓடினேன். வேர் உள்ள பொன்னாங்கண்ணியாகத் தேடி வாங்கி, கன்றைச் சுற்றி ஊன்றினேன். அப்புறம் என்ன, தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல்!

உட்கார்ந்தால் ஏதேதோ கனவு... கன்று மரமாகிவிடும். வருஷம் பூரா பச்சை. கறுப்புப் பழம் தின்னக் குயில் வரும். வாசம்? அதுதான் வராது! நிற்கிற சந்தன மரத்தை முகர்ந்தால் ஒன்றுமே தெரியாது. வருஷக்கணக்கில் நின்று, வைரம் பாய்ந்து, உள்கட்டையில்தான் மணம் ஊறும். அப்புறம்தான் எண்ணெய், சோப்பு, ஊதுபத்தி, நெற்றிப் பொட்டு எல்லாம்.

இந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்த மரம் — ஒரு கீரையின் தயவில் உயிர் வாழ்கிறது. நாமோ, சொந்தக் காலில் நிற்கிறோம் என்று மார் தட்டிக்கொள்கிறோம். யார் வேரில் யார் சாப்பிடுகிறோமோ... யார் கண்டது?

போன ஞாயிற்றுக்கிழமை நுனியில் இரண்டு துளிர்! சரோஜா குனிந்து, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள மணம் ஏற இருவது வருஷமாவது ஆகுமாம்ங்க. அதுவரைக்கும் உங்களுக்குப் பொன்னாங்கண்ணி கெடையாது!"

எனக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. இன்னும் இருபது வருஷம் கூடவே இருக்கச் சொல்லிவிட்டாள்... கீரை போனால் போகட்டும்!