போதும் என்றால் திரும்ப வேண்டும்

வளைகுடாவில் மலை நடப்பவர்களுக்குப் பனியைப் பற்றி எதுவும் தெரியாது என்று எவரேனும் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அது உண்மை. நாங்கள் குளிர்காலம் என்று அழைக்கும் மாதங்களில், ராஸ் அல் கைமாவின் மொட்டை மலைகளில், மற்ற நாட்டவர் கோடையில் நடப்பதைப் போல அரைக்கைச் சட்டையோடு நடக்கிறோம். தண்ணீரை அளந்து குடிப்பது, நிழல் கண்ட இடத்தில் உட்காருவது, தலைத்துணியை நனைத்துக் கட்டிக்கொள்வது ஆகிய மூன்றோடு எங்கள் மலைக்கல்வி முடிந்துவிடும். அந்தக் கல்வியை நம்பித்தான், ஜனவரியில் காகசஸ் மலைக்குப் போய்ப் பனியில் நடப்பதென்று மூன்று பேர் முடிவு செய்தோம்.

மூவரில் ஒருவர் இலங்கை மலையகத்து ஹட்டனைச் சேர்ந்த அக்கா. துபாயின் தேராவில் ஒரு பல் மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் வேலை செய்தார். முந்தைய ஆண்டு அதே காகசஸில் ஒரு வாரம் தங்கிப் பனிநடைப் பயிற்சி பெற்று வந்தவர். எங்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பையும், யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமையையும் அவரிடமே விட்டிருந்தோம். இன்னொருவர் கீழக்கரை நண்பர். சத்வாவில் தையல்காரர்களுக்குப் பொத்தானும் நூலும் விற்கும் கடை அவருடையது. மூன்றாமவன் நான்: கராமாவில் பகிர்ந்துகொண்ட ஓர் அறை, ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, யாழ்ப்பாணத்தில் பள்ளி விவாத அணிக்குத் தலைமை தாங்கியவன் என்ற, இந்த ஊரில் எவருக்கும் தேவைப்படாத பெருமை. இந்தப் பயணத்துக்காக ஊருக்குப் போகும் லீவை விட்டுக்கொடுத்திருந்தேன். இம்முறை வரமாட்டேன் என்று அம்மாவிடமும் சொல்லியாயிற்று. போகாமல் இருந்துவிட்டால் அந்த ஆண்டில் எனக்கென்று எதுவுமே மிஞ்சாது.

முதற்பாடம் மணலில் நடந்தது. பனிச்சரிவில் வழுக்கினால் அக்கணமே குப்புறத் திரும்பி, பனிக்கோடரியின் அலகைத் தோளருகே பிடித்து, உடலின் முழுப்பாரத்தையும் அதன்மேல் போட்டு, மேலும் சறுக்காமல் நிற்க வேண்டும். பனி இல்லாத நாட்டில் இதைப் பழக மணல்மேட்டை விட்டால் வேறு வழியில்லை. ஷார்ஜாவுக்கு அப்பால், உல்லாசக் கார்கள் ஏறி இறங்கும் மேடுகளுக்குச் சற்றுத் தள்ளி, நாங்கள் மாறி மாறி உருண்டோம்.

"நின்னுட்டேன் அக்கா, பாத்தீங்களா?" என்று நண்பர் மணலைத் துப்பினார்.

"நீங்க எங்க நின்னீங்க? மணல்தான் நிப்பாட்டுச்சு. பனி நிப்பாட்டாது."

"அப்ப எதுக்கு எங்கள உருட்டி விடுறீங்க?"

"கை பழகட்டும்னுதான். வாய் ரெண்டு பேருக்குமே நல்லா பழகியிருக்கு."

அன்றுதான் அக்கா தம் விதியைச் சொன்னார். மலையில் யாராவது ஒருவர் 'போதும்' என்றால், அந்த இடத்திலிருந்தே எல்லோரும் திரும்ப வேண்டும். ஏனென்று கேட்கக்கூடாது. சொன்னவர் விளக்கவும் தேவையில்லை.

எனக்கு இது பொறுக்கவில்லை. "காரணம் சொல்லாத முடிவை எப்பிடி அக்கா ஏற்கிறது? பிழையெண்டால்?"

"பிழையா இருக்கட்டும். குளிர்ல காரணம் கேட்டா, நல்லா பேசுறவங்க ஜெயிச்சிருவாங்க தம்பி. அவங்க நல்லா பேசுனாங்கங்கிறது மலைக்குத் தெரியாதுல்ல."

அதற்கு ஒரு மறுப்பு என்னிடம் இருந்தது. ஆனால் காதுக்குள்ளெல்லாம் மணல். விட்டுவிட்டேன்.

அடுத்த பாடம் குளிர் அறையில். நண்பரின் மாமா அல் கூஸில் உறைந்த மீன் வியாபாரம் செய்கிறார். சனிக்கிழமை பிற்பகலில் சரக்கு ஏறாத நேரம் பார்த்து, உள்ளே போக அனுமதி வாங்கியிருந்தார் நண்பர். அது மாத முடிவு வாரம். இரவெல்லாம் அலுவலகத்தில் கணக்கு முடித்துவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டு, மிச்சத் தூரத்தை வெயிலில் வேகமாக நடந்து வந்திருந்தேன். உள்பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நனைந்த உடை எங்களுக்குச் சுகம். மலையில் அதற்காகவே தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில், மேலே தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மீன்பெட்டிகளுக்கு நடுவே, இரண்டு அடுக்குக் கையுறையோடு, பனியில் வழுக்காதிருக்கச் சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களைக் கட்டிப் பழக வேண்டும். கையுறையைக் கழற்றாமல் வாரை வளையத்துக்குள் விடுவது ஊசியில் நூல் கோர்ப்பதை விடக் கடினம். நூல் விற்பவருக்கே அது வாய்க்கவில்லை. கட்டினோம், அவிழ்த்தோம், மறுபடி கட்டினோம். முதுகில் இருந்த ஈரம் மெல்ல ஈயத்தகடு போலாயிற்று. என்றாலும் வார் என் கைக்கு வசப்படத் தொடங்கியிருந்தது. அப்போது நண்பர் நிமிர்ந்து, "போதும்" என்றார்.

நான் பேசத் தொடங்கினேன். நாம் இருப்பது மலையில் அல்ல, கதவுள்ள ஓர் அறையில் என்பது முதல் வாதம். கற்க வந்த வேலை பாதியில் நிற்கிறது என்பது இரண்டாவது. அசௌகரியத்தையும் ஆபத்தையும் ஒன்றெனக் கொள்வது தவறு என்பது மூன்றாவது. மேடையில் நின்ற நாட்களிலும் இவ்வளவு ஒழுங்காகப் பேசியிருப்பேனா என்று எனக்கே தோன்றியது.

"மச்சான், நீ பேசுறது ஒண்ணுமே வெளங்கல," என்றார் நண்பர். "வாயில ஐஸ் மீன வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

அக்கா ஏற்கெனவே கதவைத் தள்ளித் திறந்திருந்தார்.

வெளியே வெக்கையில் லாரிகளின் ஓரமாக உட்கார்ந்தோம். நாக்கு திரும்பச் சிறிது நேரம் ஆயிற்று. அக்கா என் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாற்றுச் சட்டை போடச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தாமலே, "உங்கள நான் கூட்டிட்டுப் போறதா இல்ல தம்பி," என்றார்.

"ஈரத்தோட உள்ள வந்தது பிழைதான். அடுத்த முறை மாத்திப்போட்டு வருவன்."

"ஈரத்துக்காகச் சொல்லல. இவரு போதும்னாரு. நீங்க கூட்டம் போட்டீங்க."

அன்று அடுக்கிய மூன்று வாதங்களிலும் இன்றுவரை நான் ஓட்டை காணவில்லை. ஆனால் அவற்றைத் திரும்பச் சொல்லும் தெம்பு அப்போது இல்லை. லீவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் மட்டும் சொன்னேன். அக்கா சப்பாத்துப் பற்களைத் துடைத்து முடித்தார். "அடுத்த வாரம் மலைக்கு வாங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அடுத்த வாரம் கணக்காய்வாளர்கள் வந்தார்கள். வேலைக்கும் தூக்கத்துக்கும் இடையே இருந்த எல்லை அழிந்துபோன நாட்கள் அவை. சனிக்கிழமை விடியலில் அக்காவோடும் நண்பரோடும் ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் இறங்கியபோது, முதுகுப்பையைத் தூக்கவே மூச்சு வாங்கியது. பனிக்கால மூட்டையின் பாரம் பழக வேண்டுமென்று அதைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பியிருந்தோம். வியர்க்காத வேகத்தில் நடக்க வேண்டும், நிழலில் உட்காரக்கூடாது, நின்றபடியே தின்று நின்றபடியே குடிக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். இத்தனை ஆண்டு என்னைக் காப்பாற்றிய பழக்கங்கள் ஒவ்வொன்றையும் இறக்கி வைத்துவிட்டு ஏறுவதாக இருந்தது அந்த ஏற்றம்.

உச்சியின் கற்குவியல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் என் கால் நினைத்த உயரத்துக்கு எழவில்லை. ஒரு கல்லில் தடுக்கினேன். கொஞ்சம் தள்ளி மறுபடி தடுக்கினேன். எனக்குள் இரண்டு அணிகளும் எழுந்து நின்றன. இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்றது ஒன்று. ஏறுகிற காலே இறங்கவும் வேண்டும் என்றது மற்றது. போதும் என்றால் பலவீனன் என்று அக்கா என்னை விட்டுவிடுவாரோ, சொல்லாமல் விழுந்தால் பொய்யன் என்று விட்டுவிடுவாரோ என்றும் கணக்குப் போட்டேன். எந்தப் பக்கத்துக்கும் என்னிடம் தீர்ப்பு இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"போதும்," என்றேன்.

அக்கா அப்படியே திரும்பினார். நண்பர் உச்சியை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்தார். "யல்லா, போவோம்," என்று முணுமுணுத்துக்கொண்டு அவரும் திரும்பினார்.

இறங்கும் வழியெல்லாம் அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். தூக்கமின்மையைச் சொல்லலாம், எழாத காலைச் சொல்லலாம், தடுக்கிய கற்களைச் சாட்சிக்கு அழைக்கலாம். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர்கள் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார்கள், நண்பரின் கடையில் ஜிப் வாங்க வந்து சண்டை பிடித்த ஒருவரைப் பற்றிப் பேசினார்கள். உச்சிக்குப் போயிருக்க முடியுமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கேட்கப்படாத பதில்கள் சுமந்து வந்த தண்ணீரைப் போலவே கனத்தன.

கீழே சாலையோரக் கடையில் தேநீருக்காகக் கார் நின்றது. அக்கா முன் இருக்கையிலிருந்து திரும்பினார்.

"தம்பி, உங்க சப்பாத்து சைஸ் என்ன? பனி சப்பாத்து அங்க வாடகைக்குச் சொல்லி வைக்கணும்."

"நாப்பத்திரண்டு."

"எனக்கு நாப்பத்தஞ்சு," என்றார் நண்பர். "என்னை யாரும் கேக்கல."

"நீங்க மேல போக முடியலன்னு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தீங்க. அதான் கேக்கல."

அவர்கள் சிரித்ததைக் கேட்டேன். சேர்ந்து சிரிக்க நினைத்தேன். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.