ஊரோடு பந்தம் போதாதாம்

என் அப்பாவிடம் யாராவது, "காய்ப்பு எப்படி?" என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான்: "ஏதோ இருக்கு." பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கினாலும் ஏதோ இருக்கு. மழை பெய்து பாதிக் காய் வெடித்துப் போனாலும் ஏதோ இருக்கு. இருக்கிறது என்று பீற்றிக்கொண்டால் கண் பட்டுவிடும். இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் அது பலித்துவிடும். அரிசி தீர்ந்தால்கூட அம்மா இல்லை என்று சொல்லமாட்டாள், "பானை நிறைஞ்சிருக்கு" என்பாள். ராயப்பன்பட்டிப் பக்கம் எங்களைப் போன்ற தோட்டக்காரர்கள் வீடுகளில் இதுதான் பேச்சு. நானும் அப்படித்தான் பேசி வளர்ந்தேன். அது ஒருநாள் என் காலையே வாரிவிடும் என்று யார் கண்டது?

நான் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும், எங்கள் கல்லூரி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. வருடா வருடம் தை மாதம் அவர்கள் மாணவர்கள் ஆறு பேர் இங்கே வந்து மூன்று வாரம் தங்கி, பெரியாற்றுத் தண்ணீரையும் திராட்சையையும் பற்றி ஆராய்வார்கள். எங்களில் இரண்டு பேர் அங்கே போய் ஒரு பருவம் படிப்பார்கள். செலவெல்லாம் அவர்கள் பொறுப்பு. கையெழுத்திடும் நாளில் மேளம், சால்வை, இளநீர் எல்லாம் அமர்க்களப்பட்டது. இரு தரப்பும் சமம் என்று பேராசிரியர் ஒலிபெருக்கியில் வாசித்தார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

ஆறு பேரும் சொன்னபடி வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண் எங்கள் வீட்டில் தங்கினாள். நல்ல பெண். என் கட்டிலைக் கொடுத்துவிட்டு நான் பாயில் படுத்தேன். விசா வாங்குவது சிரமமாக இருந்ததா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பினாளாம், முத்திரையோடு திரும்பி வந்ததாம்.

அவள் என் அப்பாவிடம் எத்தனை ஏக்கர் என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். "ஏதோ இருக்குன்னு சொல்லு ஆத்தா" என்றார். அவள் விடுகிறவளா? மறுநாள் நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டாள். என் அண்ணன் ஒரு முனையைப் பிடிக்க, பந்தல் பந்தலாக அளந்து, கொடிகளை எண்ணி, கிணற்றையும் வரப்பையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டாள். எண்ணினால் கண் பட்டுவிடும் என்று அப்பாவுக்குப் பயம். ஆனால் விருந்தாளியைத் தடுக்கமுடியாமல் தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஊருக்குப் போனபிறகு அவள் தன் அறிக்கையின் பிரதியை அனுப்பியிருந்தாள். அதில் எங்கள் தோட்டம் அங்குலம் பிசகாமல் இருந்தது.

எங்கள் தரப்பில் தேர்வானது நானும் வகுப்புத் தோழன் ஒருவனும். அவன் அப்பா வங்கி அதிகாரி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல், தேனியில் வாடகை வீடு. நான் ஊரில் யாரோடும் சரியாகப் பேசாமல், அங்கே போய் என்னென்ன செடிகளைப் பார்ப்பேன் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் ஒன்றை இப்படி ஆசைப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விசா நேர்காணலுக்கு அண்ணன்தான் சென்னைக்குக் கூட்டிப் போனான். கம்பத்தில் பஸ் ஏற்றிவிடும்போது அப்பா சொன்னார்: "அங்கன போயி பணிவாப் பேசு. பெருமையடிக்காத ஆத்தா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில் நிலம் உண்டா? "கொஞ்சம் இருக்கிறது, ஐயா." வருமானம் எப்படி? "சுமார்தான்." அண்ணன் என்ன செய்கிறார்? "சும்மாதான் இருக்கிறார்." விடியுமுன் மருந்தடிக்கத் தொடங்கி இருட்டும்வரை பந்தலுக்குக் கீழே குனிந்து கிடப்பவனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கையிலிருந்த கோப்பில் பட்டா இருந்தது, சிட்டா இருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்து நீட்டுவது பெருமையடிப்பதாகிவிடும் என்று நானும் நீட்டவில்லை. பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். சொந்த நாட்டுக்குத் திரும்பி வரும் அளவுக்கு எனக்கு இங்கே போதிய பந்தம் இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று அதில் இருந்தது.

என் தோழனுக்கு அன்றைக்கே விசா கிடைத்துவிட்டது. அவனிடம் அப்பாவின் சம்பளச் சீட்டு இருந்தது. போனவன் அங்கேயே மேற்படிப்பு, அங்கேயே வேலை என்று தங்கிவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் வாய் கெட்டது என்று ஆறு மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பேராசிரியரைப் போய்ப் பார்த்தால், "அது தூதரகத்து சமாச்சாரம்மா, நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். எங்கள் வீட்டில் தங்கிய பெண் மூன்று பக்கத்துக்குச் சிபாரிசுக் கடிதம் அனுப்பினாள். என் இடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கவும் அவளே சொல்லி ஏற்பாடு செய்தாள். அதுதான் கடைசி வாய்ப்பு.

இந்தத் தடவை அப்பாவே கிளம்பினார். அதற்கு முந்தின நாள் அம்மா கதவைச் சாத்தினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னிடம் உள்ளதைச் சொன்னார். நாலு ஏக்கர் பந்தல். ரெண்டு ஏக்கர் தென்னை. நஞ்சை ஒண்ணரை. கிணறு ரெண்டு. சொந்த வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து எங்கள் இருவரையும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

சென்னையில் அவரை உள்ளே விடவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு வேப்பமரத்தடியில் பத்திரங்கள் வைத்த மஞ்சள் பையோடு நின்றார். உள்ளே இப்போது ஒரு பெண் அதிகாரி. நான் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல எல்லாவற்றையும் ஒப்பித்தேன். உங்கள் நாட்டுப் பல்கலைக்கழக அறிக்கையிலேயே எங்கள் தோட்டம் வரைபடத்தோடு இருக்கிறது என்று சொல்லி அதையும் நீட்டினேன். அவர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டு, "இவ்வளவு வசதி இருந்தும் ஏன் எங்கள் நாட்டுக்கு வந்து படிக்கவேண்டும்?" என்றார். எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். பிறகு அதே தாள். தேதி மட்டும் வேறு.

வெளியே வந்து அப்பாவிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னத்தா எழுதிருக்காக?" என்றார்.

"நமக்கும் நம்ம ஊருக்கும் பந்தம் போதாதாம்பா."

அவர் தாளை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார். "போன தடவ கொறச்சுச் சொன்ன, சரி. இந்தத் தடவ அம்புட்டையும் சொன்னமே. இன்னும் என்னத்தச் சொல்லணுங்கிறாக?"

முதல் தடவை என் வாயைக் குறை சொல்லவாவது வழி இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மறுநாள் காலை கம்பம் பஸ் நிலையத்தில் இறங்கினோம். எங்கள் காய்களை வருடக்கணக்காக எடுக்கிற வியாபாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எங்கே போய் வருகிறோம் என்று அவருக்குத் தெரியாது. "வாங்கண்ணே, காலங்காத்தால எங்கிட்டுப் போயிட்டு வாரீக? காய்ப்பு எப்படி?" என்றார்.

தோட்டத்தில் பந்தல் கொள்ளாமல் காய் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் அந்தப் பழைய பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றார் அப்பா.