அத்தானுக்குப் படைத்த ஷாம்பெயின்

லண்டன் இல்ஃபோர்டில் அக்கா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஒடுங்கி உயர்ந்த ஷாம்பெயின் கிளாஸ் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் சின்னதாக ஒரு திராட்சைக் குலை பொறித்திருக்கும். அங்கே போகும்போதெல்லாம் அலுமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். வாழ்நாளில் பாதியை மதுக்கடை நடத்தியே கழித்தவர். கடை திறந்த அன்று, விற்பேன், வாயில் வைக்கமாட்டேன் என்று முருகன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். அக்காவும் பக்கத்தில் நின்றாள். விஸ்கிப் போத்தல்களுக்கு மேலே மாட்டியிருந்த அந்தப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தாமல் அவர் கல்லாவைத் திறந்ததில்லை. சனிக்கிழமைகளில் நானும் கடையில் நின்றவன். அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவருக்கு ஈரல் பழுதாகிவிட்டது. இளவயதில் வந்த மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளே தங்கிவிட்டதாம், வைத்தியர் சொன்னார். சனம் அதைக் கேட்கவா போகிறது? மதுக்கடைக்காரனுக்கு ஈரல் வருத்தம், அவ்வளவே போதும். கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ, "உன்ரை அக்கா நம்பினாலே எனக்குக் காணும்," என்பார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆனபிறகு, ஷாம்பெயின் விளையும் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டார். "இவ்வளவு காலம் வித்தனான், எந்த மண்ணெண்டு ஒருக்காப் பாப்பம்." ஒரே நாளில் போய்த் திரும்புவதாக, மூவரும் விடிய லண்டனில் ரயிலேறினோம். பாரிசில் இறங்கி அடுத்த நிலையத்துக்கு நடக்கையில் அடிக்கடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்காலம். திராட்சைத் தோட்டங்களில் இலையில்லாத கட்டைகள்தான் வரிசையாக நின்றன. "இதுவோ?" என்றார். பிறகு யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போத்தல்கள் அடுக்கிய நிலவறையில் வழிகாட்டிப் பெண் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கிளாசை நினைவாகக் கொண்டுபோகலாம் என்றாள். அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்து, குமிழிகள் மேலேறுவதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையைத் தடவினாள். "குடியுங்கோப்பா," என்றாள் அன்பாக. "இனியும் எனக்கு ஒளிக்க வேண்டாம். நான் கோவிக்கமாட்டன்."

அத்தான் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கிளாசை மேசையில் வைத்தார். நான் வாயைத் திறக்கப்போக, கண்ணாலேயே அடக்கினார். "வாங்கோ, ரயிலுக்கு நேரமாகுது." அக்கா அந்தக் கிளாசைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் அவர் கண்ணை மூடி யன்னலில் சாய்ந்திருந்தார். களைத்துவிட்டார் என்று நினைத்து, அக்கா தன் சால்வையை அவருக்குப் போர்த்திவிட்டாள்.

அந்த மாதம் முடியுமுன் போய்விட்டார். உண்மையை அக்காவிடம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "நீ அவரின்ரை ஆள், அப்பிடித்தான் சொல்லுவாய்," என்றாள். எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். கணவாய்க் கறிக்கும் இறால் பொரியலுக்கும் நடுவில் அந்தக் கிளாசில் ஷாம்பெயினை நிரம்ப ஊற்றி வைத்தாள்.

அவர் இறந்த நாள் வரும்போதெல்லாம் அப்படியே வைக்கிறாள். நேற்றும் வைத்தாள். அத்தானின் படத்துக்கு முன்னால் குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. பொழுதுபட்டபின் கிளாசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவளின் முகம் மலர்ந்தது.

"பாத்தியே தம்பி, கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

பிறகு அதைக் கழுவித் துடைத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.